பாய்க்குப் போட்ட நாற்காலி

தொழிற்சாலை மருத்துவ அறைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர்களே, வெட்டுக்காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் என்ன செய்வது என்று உங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது ஒரு நாற்காலியைப் பற்றி.

எண்பதுகளின் கடைசியில், ஓசூரில், இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டிப் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் செவிலியாக வேலை செய்தேன். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோயில். அங்கே எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. பழைய தொழிலாளி ஒருவருக்குக் கை தளர்ந்துவிட்டது என்று தெரிந்தால், அவருடைய பிரிவு ஆட்கள் சேர்ந்து ஒரு மெத்தை நாற்காலி வாங்குவார்கள். இரும்புக் கால், ரெக்சின் உறை. அதைக் கருவி அறை ஜன்னலுக்குப் பின்னால் போட்டு, சந்தனம் வைத்து, அவரை உட்காரவைப்பார்கள். அன்று முதல் டோக்கன் வாங்கிக்கொண்டு கருவி எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. அதையும் செய்யவிட மாட்டார்கள். "நீங்க உக்காருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, கேட்க வந்தவனே உள்ளே போய் எடுத்துக்கொள்வான். நான் சேர்ந்த பிறகு அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட மறுபடி நின்று வேலை செய்து நான் பார்க்கவில்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை. எல்லாரும் நல்லெண்ணத்தோடு செய்த காரியம் அது.

ஜமால் பாய்க்கு நாற்காலி போட முடிவானபோது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. காவேரிப்பட்டினத்துக்காரர். தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவார். சுத்தியல் இயந்திரத்துக்கு முன்னால் நின்று, சிவக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும் வேலை. நான் சேர்ந்த புதிதில் அவருடைய குரல் மருத்துவ அறைவரை கேட்கும். மதியம் அந்தப் பிரிவு ஆட்கள் தரையில் போட்ட ஓர் இரும்புத் தகட்டைச் சுற்றி உட்கார்ந்து, எல்லா கேரியரையும் நடுவில் திறந்துவைத்துச் சாப்பிடுவார்கள். மாதப்பன் வீட்டுக் களியும் கொள்ளுக் குழம்பும் பாய் தட்டில் இருக்கும். பாய் வீட்டுக் கறி மாதப்பன் தட்டில் இருக்கும். மாதப்பன் என்பவர் பாயின் எதிரில் நின்று வேலை செய்தவர். இளையவர், வாய்த்துடுக்கு உள்ளவர். பாயைத் தன் அண்ணனாகவே நினைத்தவர்.

ஒரு வருடத்துக்குள் அந்தக் குரல் நின்றுபோனது. பாய் தகட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். டீயில் வர்க்கியையோ பன்னையோ நனைத்துத் தின்றுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பார். யாராவது பேசினால் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் பார்ப்பார். பஸ் ஆலைக்குள் வந்து நின்றதும் எல்லாரும் இறங்குவார்கள். அவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருப்பார். "பாய்க்கு மனசு சரியில்ல" என்று பிரிவு முழுக்கப் பேச்சு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இப்படி ஆகிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். வயசானால் அப்படித்தான் என்று இன்னொருவர் சொன்னார்.

ஒரு நாள் காலை குறட்டிலிருந்து சூடான இரும்பு நழுவித் தரையில் விழுந்து உருண்டது. மாதப்பன் காலை இழுத்துக்கொண்டதால் தப்பினார். யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் மாதப்பனே பாயின் தோளில் கை போட்டு அவரை என்னிடம் அழைத்துவந்தார்.

"அடி ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். சும்மா பாருங்க. மூஞ்சிய பாத்தா எனக்கே பயமா இருக்குது."

மாதப்பன் போன பத்து நிமிடத்தில் மேலாளரும் தொழிற்சங்கச் செயலாளரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். அந்த இருவரும் ஒரே வாசலில் ஒன்றாக நுழைந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"இதுல யூனியனுக்கும் எங்களுக்கும் சண்டையே இல்ல சிஸ்டர், அதிசயம் பாத்துக்கங்க," என்றார் மேலாளர்.

"பாயே சரின்னுட்டாரு," என்றார் செயலாளர். "நாற்காலி நாளைக்கு வந்துரும். நிரந்தரமா இலகு வேலைன்னு நீங்க ஒரு வரி எழுதிட்டீங்கன்னா, டாக்டர் வந்ததும் கையெழுத்துப் போட்டுருவாரு."

எங்கள் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அன்று அவர் வரும் நாள் இல்லை. நான் எழுதுவதைத்தான் அவர் முதலில் படிப்பார். இவர்களும் அதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தார்கள். நிரந்தரம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஓய்வுபெறும்வரை அந்த ஜன்னல்தான். அது எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும்.

நான் பாயைப் பார்த்துக் கேட்டேன். "கருவி ரூம்ல தனியா உக்காரணுமே பாய், பரவாயில்லையா?"

"சரிங்க."

"இல்ல, பழையபடி சுத்தியல்லயே நிக்கிறீங்களா?"

"அதுவும் சரிங்க."

"லீவு போட்டு வீட்டுக்குப் போறீங்களா?"

"சரிங்க."

மூன்று எதிரெதிர்க் கேள்விகளுக்கும் ஒரே குரலில் ஒரே பதில். செயலாளர் சொன்ன சம்மதமும் இதே சம்மதம்தான் என்று அப்போது புரிந்தது. எதைக் கேட்டாலும் சரி என்பவரிடம் இன்னும் யாரும் எதையும் கேட்கவில்லை என்றுதான் கணக்கு.

நான் இரண்டு வரி எழுதினேன். இன்று முதல் இவரைச் சுத்தியல் வேலையில் நிறுத்தக்கூடாது. நிரந்தர மாற்றம் பற்றி மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே சொல்ல முடியும்.

மேலாளருக்கு முகம் சுருங்கியது. "டாக்டர் பாத்துக்க வேண்டியத நீங்க ஏன் தள்ளிப்போடறீங்க? நீங்க நர்ஸ்தானே?"

"அதனாலதான் சார் நிரந்தரம்னு எழுதல."

இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கும்போது அவர்கள் இரண்டு முடிவுகளை ஒன்றாகக் கட்டிக் கொடுப்பார்கள். சூடான இரும்பின் முன் அவரை நிறுத்தாமல் இருப்பது அன்றே செய்ய வேண்டியது. தயங்கினால் ஒரு கால் போகும். மீதி வருடங்களை முடிவுசெய்வது அன்று செய்ய வேண்டியதே இல்லை. முதலாவதைத் தாமதிக்காதீர்கள். இரண்டாவதை அவசரத்தில் செய்யாதீர்கள்.

அவர்கள் போனபின் பாயின் நாடி பார்க்கக் கையை எடுத்தேன். மணிக்கட்டில் இருக்க வேண்டிய கைக்கடிகாரம் முழங்கைக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. கீழே கட்டினால் நிற்பதில்லையாம். என் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். சுத்தியல் முன் இருபது வருடம் குறடு பிடித்த கை. எனக்கு வலிக்கவே இல்லை. பிறகு வெப்பமானியை உதறி வாயருகே கொண்டுபோனேன். அவர் சட்டென்று பின்னால் சாய்ந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டு, அக்குளைத் தூக்கிக் காட்டினார்.

நான் வெப்பமானியைக் கீழே வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

"பாய், வாயில என்ன?"

அவர் துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். "நாத்தம்மா."

பஸ்ஸில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறக்கிறாராம். ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் மாதப்பன் விளையாட்டாக ஓர் ஏலக்காயை நீட்டி, "பாய், இத மென்னுட்டு அப்புறம் கதை சொல்லுங்க" என்றிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பாயும் சிரித்திருக்கிறார். மறுநாள் முதல் தகட்டுப் பக்கம் போகவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு முழுக்க வீங்கிச் சீழ் கோத்திருந்தது. கடைவாய்ப் பற்கள் விரல் பட்டால் ஆடின. அவரால் எதையும் மெல்ல முடியவில்லை. கறியை விட்டார், கடலையை விட்டார், மொச்சையை விட்டார், காரம் படும் என்று குழம்பையும் விட்டார். மிஞ்சியது டீயும் வர்க்கியும். பஸ்ஸில் கடைசிவரை உட்கார்ந்திருந்ததற்கும் காரணம் கிடைத்தது. அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து எழ அவருக்கு முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதை யாரும் பார்க்கக்கூடாது என்று காத்திருந்திருக்கிறார்.

மருத்துவர் அந்த வாரமே பார்த்தார். தலை நரைத்த மனிதர், அதிகம் பேசமாட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் இளைத்துப்போனால் முதலில் காசநோயைத்தான் தேட வேண்டும். அதைத் தேடினார், இல்லை. சர்க்கரை பார்த்தார், இல்லை. ஈ.எஸ்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை மட்டும் மிக அதிகமாக வந்தது.

"இது உடம்புக்குள்ள எங்கேயோ எரியுதுன்னு மட்டும் சொல்லும் சிஸ்டர்," என்றார். "எந்த ரூம்ல எரியுதுன்னு சொல்லாது. ரூம நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க."

பிறகு பாயைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, நான் கேட்கத் தயங்கிய கேள்வியைத் தயங்காமல் கேட்டார். "செத்துடலாம்னு தோணுதா?"

"அப்டி இல்லீங்க. விடிஞ்சா, என்னாத்துக்கு விடிஞ்சிச்சின்னு இருக்கும். அவ்ளோதான்."

"தூக்கம்?"

"ரெண்டு மூணு மணிக்கே முழிப்பு வந்துரும்."

மருத்துவர் தலையசைத்தார். பாய் போனபின் எனக்கு விளக்கினார். வயது ஐம்பதைத் தாண்டினால் தசை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சத்துள்ள சாப்பாடும் உழைப்பும் அதை இழுத்துப் பிடித்திருக்கும். உள்ளே ஒரு புண் நாள்கணக்கில் எரிந்துகொண்டிருந்தால் அதுவும் தசையைத் தின்னும். பசியையும் உற்சாகத்தையும் சேர்த்து அணைக்கும். உற்சாகம் போனவன் சாப்பிடமாட்டான், நடமாடமாட்டான். அப்புறம் எது எதை இழுக்கிறது என்று பிரிக்க முடியாது. "எங்கயாவது ஒரு எடத்துல புடிச்சு நிறுத்தணும். நமக்கு மூணு எடம் தெரியுது. வாய், தட்டு, கால். அதுக்கப்புறமும் மனசு தெளியலன்னா பெங்களூர் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். மாசாமாசம் நான் பேசிப் பாக்கறேன்."

இப்போது இதையெல்லாம் பற்றிப் பெரிய புத்தகங்களில் எழுதுகிறார்கள். அன்று எனக்கு அவர் சொன்ன அந்த மூன்று இடங்கள் போதுமாக இருந்தன. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பல்லைப் பிடுங்கினால் எல்லாருக்கும் மனம் தெளிந்துவிடாது. அப்படி நினைத்து யார் வாயிலும் டார்ச் அடிக்காதீர்கள். பாய்க்கு எரிந்த அறை அது, அவ்வளவுதான்.

பல் மருத்துவர் காப்பாற்ற முடியாத பற்களை எடுத்துவிட்டு, மற்றதைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். ஈறு ஆறின பிறகுதான் செயற்கைப் பல். அதுவரை என்ன சாப்பிடுவது என்று பேச, பாயின் மனைவி ஹாஜிராவை வரச்சொன்னேன். வந்ததும் அவர் என்னிடம் சொன்னது இதுதான்:

"கறி வெச்சா வேணாங்கறாரு, பருப்பு வெச்சா வேணாங்கறாரு. என் கைப்பக்குவம் போயிடுச்சின்னு நெனச்சிக்கினு ஒரு வருசமா நான் மசாலாவ மாத்தி மாத்தி அரைச்சிக்கினு இருக்கறன் சிஸ்டர். பல்லுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மியாச்சும் தப்பிச்சிருக்கும்."

பாய் தரையைப் பார்த்தார்.

நான் முட்டை சொன்னேன், கடைந்த பருப்பு சொன்னேன், மசித்த கொள்ளு சொன்னேன், முள் எடுத்த மீன் சொன்னேன். ஹாஜிரா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இவ்ளோ எதுக்கு? நோன்புக் கஞ்சி காச்சறன்," என்றார். அரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, பூண்டு, வெந்தயம், எல்லாம் குழையக் குழைய வெந்து நிற்கும் கஞ்சி. மெல்லவே வேண்டாம்.

பாய் அன்று முதல்முறையாக நிமிர்ந்தார். "நோன்பு எங்கியோ இருக்குது. இப்பப் போயி கஞ்சி காச்சினா தெருவுல என்னா பேசுவாங்க?"

"தெருவுக்கும் ரெண்டு கிண்ணம் குடுத்துடறன். வாயில கஞ்சி இருந்தா எப்டி பேசுவாங்க?"

கஞ்சி முடிவானது. அடுத்தது கால்.

இதற்குள் நாற்காலி வந்து, சந்தனம் வைத்து, பாய் கருவி அறையில் உட்கார்ந்துவிட்டார். நிரந்தரம் பற்றிப் பிறகுதான் என்று நான் எழுதியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு," என்றார். அதைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னார். கையிரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் பாயால் ஒருமுறைகூட எழ முடியவில்லை. கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து நாற்காலியை உயர்த்திய பிறகுதான் எழுந்தார். வாரம் போகப்போகக் கட்டையை மெல்லியதாக மாற்றினோம். இன்னொரு விதியும் போட்டார் மருத்துவர்: கருவி கேட்டு வருபவன் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே வந்து உதவக்கூடாது.

அதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. பிரிவு ஆட்களுக்கு அது நான் செய்யும் கொடுமையாகத் தெரிந்தது. மாதப்பன் நேராக என் அறைக்கே வந்தார்.

"வயசான மனுசனுக்கு ஸ்பானர் எடுத்துக் குடுத்தா தப்பா? பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி தோப்புக்கரணம் போடவெச்சிருக்கறீங்க. நாகர்கோயில்ல நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு வெக்கவே மாட்டாங்களா சிஸ்டர்?"

"உங்க அண்ணன எழுப்பி நிக்கவைக்கப் பாக்கேன். கொஞ்சம் பொறுங்க."

"ஈறு புண்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தலைகுனிந்து போயிருப்பார். அந்த வார்த்தை பாயுடையது; அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதுதான் கடினமாக இருக்கும். நம்மைத் திட்டுபவர் வாயை அடைக்கும் பதில் கையிலேயே இருக்கும். அது நோயாளியின் ரகசியமாகவும் இருக்கும். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆறிவிடும்.

ஒரு நாள் முற்பகல் கருவி அறைப் பக்கம் சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று ஓடினேன். பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கிரீஸ் ஒட்டிய ஸ்பானரை ஆட்டிக்கொண்டு ஒரு பையனை விளாசிக்கொண்டிருந்தார். "இதத் தொடச்சிக் குடுக்க உங்க ஊட்லருந்து ஆள் வரணுமாடா? எடுத்துக்கினு போறப்ப பளபளன்னு இருந்துச்சி இல்ல?" பையன் முழித்தான். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து நாட்குறிப்பில் எழுதினேன்: இன்று ஜமால் பாய் திட்டினார். எழுதியதற்குக் கீழே கோடும் போட்டேன். அந்த மாதம் ரத்தப் பரிசோதனையும் குறைந்து வந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை தந்தது அந்த ஸ்பானர்தான்.

அதற்குச் சில நாட்கள் கழித்து பாய் கஞ்சி நிறைந்த தன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு தகட்டுப் பக்கம் போனதை மருத்துவ அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கே நடந்ததை மாதப்பனே பிறகு என்னிடம் சொன்னார்.

"ஏன் பாய், நோன்பா?" என்று கேட்டிருக்கிறார் மாதப்பன்.

"பல்லு இல்லாதவன் நோன்பு," என்று சொல்லிவிட்டு பாய் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். "அன்னிக்கு ஏலக்காய் குடுத்தியே, ஞாபகம் இருக்குதா? சீழ் புடிச்சிருந்துச்சி. ஆடுனத எல்லாம் புடுங்கிட்டாங்க. இப்ப மோந்து பாரு."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்னா பாய்?"

"வாயத் தொறந்தாத்தானடா சொல்றது."

யாரும் சிரிக்கவில்லையாம். மாதப்பன் தன் கேரியர் மூடியை நீட்டிக் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜை மேல் இருந்த பஞ்சு டப்பாவைப் பார்த்துப் பேசினார். "நாகர்கோயிலப் பத்தி அன்னிக்கு ஏதோ பேசிட்டன் சிஸ்டர்," என்றார். "நாகர்கோயில் ஒண்ணும் நினைக்கல," என்றேன்.

செயற்கைப் பல் பொருத்திய பிறகு மறுபரிசீலனை வைத்தோம். மருத்துவ அறையில் மேலாளர், செயலாளர், மருத்துவர், நான். பாய் வந்து நின்றார். கடிகாரம் மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தது. நான் என் இரண்டு விரலை நீட்டினேன். அழுத்தியதும் கையை உதறிக்கொண்டேன். மேலாளர் சிரித்துவிட்டார்.

மருத்துவர் கேட்டார். "இப்ப சொல்லுங்க பாய். உங்கள எங்க போடணும்?"

'எங்க போட்டாலும் சரிங்க' என்று வந்துவிட்டால் இத்தனை மாதமும் கஞ்சி காய்ச்சியதோடு சரி.

பாய் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சுத்தியல் வேணாங்க. கை வந்துருச்சி, ஆனா பழைய கை இல்ல. நழுவுனா எதிர்ல நிக்கறவன் புள்ளகுட்டிக்காரன்." நிறுத்தி, மேலாளரைப் பார்த்துச் சொன்னார். "அந்த ஜன்னலும் வேணாங்க. அங்க மனுசனுக்கு முகமே தெரியல, கைதான் தெரியுது. உலைகிட்ட போடுங்க. இரும்பு பதமா காஞ்சிச்சான்னு பாத்து எடுத்துக் குடுக்கறன். அது நின்னு செய்யற வேலதான். நிக்கறன்."

இரண்டு வேணாம், ஒரு வேணும். அந்த வாயிலிருந்து நான் கேட்கக் காத்திருந்தது அதுதான். மேலாளர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் மேலாளரைப் பார்த்தார். உலைக்குப் போடலாம் என்று எழுதினோம், மருத்துவர் கையெழுத்திட்டார்.

"அப்ப அந்த நாற்காலிய என்ன செய்யறது?" என்று செயலாளர் கேட்டார். "சந்தனமெல்லாம் வெச்சது."

"இருங்க, சிஸ்டர் ரூமுக்கு ஆவும்," என்று பாய் வெளியே போனார்.

கருவி அறைக்கும் மருத்துவ அறைக்கும் நடுவில் ஒரு பெரிய முற்றம். வாசலில் நின்று பார்த்தோம். பாய் அந்த இரும்புக்கால் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் மாதப்பன் பார்த்துவிட்டு ஓடிவந்து ஒரு காலைப் பிடித்தார்.

"குடுங்க பாய், நான் எடுத்துக்கினு வரன்."

"கைய எடு."

"பாரமா இருக்குது பாய்."

"கைய எடுடான்றன்."

மாதப்பன் கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு, நாற்காலியை என் அறையில் இறக்கும்வரை பாயோடு கூடவே நடந்து வந்தார்.